பெட்டியா, பிரிண்டா, அட்டையா: மேசைப் போருக்கு முதல் படை திரட்டுவது எப்படி

சின்னச் சின்ன வீரர் உருவங்களை மேசையில் நிறுத்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் இறங்க நினைக்கும் பலர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். விதிகளைப் படித்தாயிற்று, எதிரில் உட்கார ஒரு நண்பரும் தயார். உருவங்களை எப்படி வாங்குவது என்பதில்தான் முட்டுகிறது. ஓசூரில் வேலை பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய் ஒரு பெட்டி வாங்கி வந்துவிடலாமா என்று கேட்கிறார். அரூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர், நாலைந்து பெட்டி வாங்குகிற காசுக்கு உருவங்களை வீட்டிலேயே அச்சிடும் ரெசின் 3டி பிரிண்டரே வந்துவிடுமே என்கிறார். பாலக்கோட்டில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு ஒரு வகுப்பே விளையாட வேண்டும், கையில் இருப்பது சில நூறு ரூபாய். மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு உருவம் என்ன விலை என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். வண்ணம் பூசி, வார்னிஷ் அடித்து, மேசையில் நிற்கும் ஒரு உருவத்துக்கு எவ்வளவு காசு, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் மலிவு என்று நினைத்தது சில சமயம் கடைசிக்குப் போய்விடும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எதிரில் யார்? வார்ஹாமர் 40,000 மாதிரி ஒரு நிறுவனத்தின் விளையாட்டை அதன் கடையிலோ, அது நடத்தும் போட்டியிலோ ஆடப் போகிறீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் உருவங்கள்தான் செல்லும். பிரிண்ட் செய்தவற்றை அங்கே ஏற்க மாட்டார்கள். வீட்டு ஹாலில் இரண்டு நண்பர்கள் ஆடுவதற்கு இந்தக் கவலையே இல்லை. இரு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் போதும்.

எத்தனை பேர் கொண்ட படை? ஆளுக்குப் பத்துப் பதினைந்து உருவம் வைத்து ஆடும் சிறு மோதல் ஒரு வகை. அணி அணியாக நூற்றுக்கும் மேல் நிறுத்தும் பெரும் போர் இன்னொரு வகை. இதை முடிவு செய்யாமல் அளவைத் தேர்வு செய்யக் கூடாது.

வீடு வந்து சேரும்போது என்ன விலை? வெளிநாட்டுக் கடையின் தளத்தில் பார்க்கும் விலையோடு கூரியரும் சுங்கமும் சேரும். பொம்மைகள் மீதான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. உங்கள் பார்சலைச் சுங்கத்தில் எந்தத் தலைப்பில் போடுகிறார்களோ அதைப் பொறுத்துத் தொகை மாறும். இந்தியாவில் இருப்பு வைத்து விற்பவரிடம் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் அதில் இதெல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எவ்வளவு நேரம்? 28 மி.மீ. உயர உருவம் ஒன்றைப் பொறுமையாகப் பூசினால் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். வேகமான முறையில் முக்கால் மணியில் முடிக்கலாம். நாற்பது உருவம் என்றால் முதல் வழியில் நூறு மணி நேரம், இரண்டாவதில் முப்பது. வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் மூன்று மணி நேரம் ஒதுக்குபவருக்கு இது எட்டு மாதத்துக்கும் இரண்டரை மாதத்துக்கும் உள்ள வித்தியாசம்.

கேட்ட உருவம் கிடைக்குமா? இதை விளக்க நம் ஊர்ப் போர் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், மேக்ஸ்வெல் தலைமையில் வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. கீழே இருந்த ஊரான பேட்டை அவர்கள் கைக்குப் போனது, மேல்கோட்டை போகவில்லை. மலை ஏறும் ஒரு படை, மேலே காத்து நிற்கும் ஒரு படை, நடுவில் பாறைகள்: மேசை விளையாட்டுக்கு இதைவிட நல்ல களம் வேண்டியதில்லை. கம்பெனியின் சென்னைப் படைச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, அரைக்கால் சட்டை, தலைப்பாகை. திப்புவின் காலாட்படைக்குப் புலிப் புள்ளி போட்ட ஊதாச் சட்டை. இந்த இரண்டு படையையும் ஒவ்வொரு வழியிலும் திரட்டிப் பார்ப்போம்.

## 28 மி.மீ. பிளாஸ்டிக் பெட்டி

ஒரு சட்டகத்தோடு இணைந்து வரும் கெட்டி பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி, ஒட்டி, பூச வேண்டும். பெரி, விக்ட்ரிக்ஸ், வார்லார்ட் போன்ற இங்கிலாந்து நிறுவனங்களின் வரலாற்றுக் காலாட்படைப் பெட்டிகளில் முப்பது, நாற்பது உருவம் வரை இருக்கும். வார்ஹாமர் பெட்டியில் பல சமயம் பத்துத்தான். ஆனால் செதுக்கலின் கூர்மை அதில் வேறு ரகம்.

இதன் பெரிய பலம் ஒட்டும் விதம். பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஃபெவிக்விக் போட்டாலும் ஒட்டும், ஆனால் கீழே விழுந்தால் கை தனியாக வந்துவிடும். தலை, கை எல்லாம் தனித்தனியாக வருவதால் ஒரு பெட்டியின் தலையை இன்னொரு பெட்டியின் உடலில் வைக்கலாம். கிருஷ்ணகிரிப் போருக்கு இது அவசியம். பெட்டிகளில் அதிகம் கிடைப்பது நெப்போலியன் காலத்துப் பிரிட்டிஷ் வீரர்கள். அவர்கள் தலையில் இருக்கும் உயரமான ஷாகோ தொப்பி 1800 வாக்கில்தான் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. 1791க்கு அது பொருந்தாது. தலையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் எம்-சீலை உருட்டித் தலைப்பாகை கட்ட வேண்டும். எம்-சீலில் நன்றாகவே வரும். ஆறுவதற்குள் ஈரமான பல்குச்சியால் மடிப்புகளைக் கீறினால் போதும். மைசூர்ப் படையை இப்படி நாற்பது முறை செய்வதுதான் கஷ்டம்.

மறைந்திருக்கும் செலவுகள்: வெட்டும் கட்டர், கத்தி, சிமென்ட், வண்ணத்துக்கு முன் அடிக்கும் பிரைமர். விளையாட்டு நிறுவனத்தின் விதிகளும் ஒரு செலவுதான். வார்ஹாமர் 40,000 விதிகளின் ஒன்பதாம் பதிப்பு 2020ல் வந்தது, பத்தாவது 2023ல் வந்தது. இந்த இடைவெளியில் புத்தகமும் மாறும், உங்கள் படையின் பலமும் மாறும்.

ஓசூரில் இருந்து பெங்களூர் 40 கி.மீ. வாரக் கடைசியில் அங்கே போய் முன்பின் தெரியாதவர்களோடு ஆட விரும்புபவருக்கு இந்தப் பெட்டிதான் சரி. விளையாட்டைவிடப் பூசுவதில் ஆசை அதிகம் உள்ளவருக்கும் இதையே சொல்வேன். தர்மபுரியில் இருந்து அதே பயணம் ஏறக்குறைய 130 கி.மீ. அந்த ஊர்க்காரர் பெங்களூர்க் குழுவை நம்பிப் படை வாங்குவதற்கு முன் மாதம் எத்தனை முறை உண்மையில் போவார் என்று யோசிக்க வேண்டும்.

## 1/72 மென்பிளாஸ்டிக்

நிஜ ஆளின் அளவில் 72ல் ஒரு பங்கு. ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விற்றுவரும் வகை. இப்போது ஸ்வெஸ்தா, இத்தாலெரி, ஹாட் போன்றவையும் தயாரிக்கின்றன. உயரம் 23 முதல் 25 மி.மீ. ஒரு பெட்டியில் பெரும்பாலும் நாற்பதுக்கு மேல். பெரும்பாலானவற்றை ஒட்டவே வேண்டாம், அப்படியே நிற்கும். உருவத்துக்கு ஆகும் செலவும் நேரமும் 28 மி.மீ. பெட்டியைவிடக் கணிசமாகக் குறைவு.

குறை, பிளாஸ்டிக்கின் தன்மையிலேயே இருக்கிறது. வளையும் பொருளில் பூசிய வண்ணம் ஈட்டி, துப்பாக்கிக் குழல், வாள் ஆகிய இடங்களில் உரிந்துவிடும். பசையும் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிய அடுக்காகப் பூசி, அதற்கு மேல் வண்ணம் வைத்தால் உரிவது நன்றாகக் குறையும். தலையை மாற்றும் வேலைக்கெல்லாம் இது ஒத்துவராது. கம்பி செருகித்தான் மாற்ற முடியும். வாங்கும் முன் பெட்டிமேல் கெட்டி பிளாஸ்டிக்கா, மென்மையா என்று பாருங்கள். சில புதிய பெட்டிகள் கெட்டியில் வருகின்றன.

இரண்டாம் உலகப் போர், நெப்போலியன், ரோமானியர் என்றால் தேர்வு ஏராளம். அலெக்சாண்டர் காலத்து இந்தியப் படை கிடைத்தால் அதியமானின் தகடூர் முற்றுகைக்கு ஓரளவு பயன்படுத்தலாம். வில், வாள், யானை எல்லாம் இருக்கும். கிருஷ்ணகிரி 1791க்கு மட்டும் சரியான உருவம் தேடுவது வீண். பெரிய அணிகளை நிறுத்த ஆசை, பட்ஜெட் சிறியது, பிள்ளைகளும் கையில் எடுப்பார்கள் என்றால் இதை எடுங்கள். விழுந்தாலும் உடையாது.

## ரெசின் பிரிண்ட்

இன்றைக்கு அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகக் கணக்கிடப்படுவதும் இதுதான்.

முதலில் நல்ல செய்தி. 405 நானோமீட்டர் ஒளியால் ரெசினை அடுக்கடுக்காக இறுக வைக்கும் இயந்திரத்தில் நேரம் உயரத்தைப் பொறுத்தது. உருவத்தைத் தாங்கும் மெல்லிய தூண்களான சப்போர்ட்டோடு சேர்த்து 40 மி.மீ. உயரம், அடுக்கு 0.05 மி.மீ. என்றால் 800 அடுக்கு. அடுக்குக்கு எட்டு வினாடி வைத்தால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி. இயந்திரத்தின் தட்டில் ஒரு உருவம் வைத்தாலும் நிறைய வைத்தாலும் இதே நேரம்தான். 28 மி.மீ. உருவம் ஒன்றுக்குச் சப்போர்ட் சேர்த்து ஐந்து முதல் பத்து மில்லி ரெசின் போகும் என்று வைத்தால், ஒரு லிட்டரில் நூறு உருவமாவது தேறும். எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்குச் சுருக்கலாம், பெரிதாக்கலாம். எந்தப் பெட்டியிலும் வராத மைசூர் வீரனை, அவனுடைய 3டி கணினிக் கோப்பு இருந்தால், இன்று இரவே எடுத்துவிடலாம். கிருஷ்ணகிரிப் போருக்கு இதற்கு நிகரான வழி இல்லை.

இனி பிரிண்ட் முடிந்த பிறகு நடப்பது. உருவம் தட்டில் தலைகீழாகத் தொங்கும், மேலெல்லாம் ஒட்டும் ரெசின். நைட்ரைல் கையுறை போட்டு எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, சப்போர்ட்டைப் பிய்த்து, புற ஊதா விளக்கிலோ வெயிலிலோ வைத்து இறுகவிட வேண்டும். இறுகாத ரெசின் தோலில் படக் கூடாது. திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்து, பிறகு அந்தப் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும். மணம் அடிக்கும், அதனால் ஜன்னல் திறந்த தனி அறை வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அடுப்பு, சாமி விளக்கு இருக்கும் இடத்துக்கு அருகில் இந்த வேலையே வேண்டாம். கழுவிய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, தண்ணீரில் கழுவும் ரெசினாக இருந்தாலும் அப்படித்தான். வெயிலில் வைத்து ஆவியாகவிட்டு, அடியில் இறுகி நிற்பதைத் தனியாகக் கட்டிப் போட வேண்டும். வெயிலுக்கு மட்டும் நம் பக்கம் பஞ்சமில்லை.

அப்புறம் மின்சாரம். 600வது அடுக்கில் கரண்ட் போனால் பல இயந்திரங்களில் அந்தத் தட்டு முழுவதும் வீண். யூபிஎஸ் விலையையும் சேர்த்துத்தான் இயந்திரத்தின் விலை. குளிரும் கணக்கில் வரும். ரெசினுக்கு 25 டிகிரியை ஒட்டிய சூடு இதம். மார்கழி இரவில் ஓசூர், தளிப் பக்கம் ரெசின் கெட்டியாகித் தட்டில் பிடிக்காமல் போகும். தர்மபுரியில் இந்தத் தொல்லை குறைவு. ரெசின் தொட்டியின் அடியில் இருக்கும் எஃப்இபி என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். திரையும் நாளாக நாளாகத் தேயும்.

இயந்திரம் வாங்காமல் பிரிண்ட் செய்து தருபவரிடம் கொடுப்பது இன்னொரு வழி. உருவத்துக்கு விலை கூடும், ஆனால் ரெசின், கழுவல், தோல்வி எல்லாம் அவர் பொறுப்பு. கோப்பை உருவாக்கியவர் விற்பனைக்கு அனுமதி தந்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல கோப்புகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருகின்றன. சிற்பியின் உழைப்புக்கு உரியது அவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

மொத்தம் ஐம்பது அறுபது உருவம்தான் தேவை என்றால் ஆர்டர் கொடுத்து வாங்குங்கள். இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதே உங்களுக்குப் பிடிக்கும், தனி அறையும் இருக்கிறது, நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து செலவைப் பகிர்வீர்கள் என்றால் சொந்த இயந்திரம் வாங்கலாம். வாடகை வீட்டில் ஒற்றை அறையில் இருக்கும் மாணவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

## அட்டை உருவம்

இதை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. வீரனை முன்னும் பின்னும் வரைந்து, கலர் ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் அச்சடித்து, மடித்து ஒட்டி, கத்தரித்து, அட்டைத் துண்டில் நிறுத்தினால் படை தயார். லேசர் அச்சாகக் கேளுங்கள். இங்க்ஜெட் என்றால் ஈரக் கை பட்டதும் கலங்கும். வெள்ளையாகத் தெரியும் வெட்டு விளிம்பில் கறுப்பு மார்க்கரை ஒரு முறை ஓட்டினால் தோற்றமே மாறிவிடும்.

இரண்டு மாலைப் பொழுதில் கிருஷ்ணகிரிப் போரின் இரு பக்கமும் மேசைக்கு வந்துவிடும். புலிப் புள்ளியை மாணவர்களே வரைவார்கள். வகுப்புக்கு ஆடுபவர் யோசிக்காமல் இதைத் தொடங்கலாம். மழைக்காலத்தில் சுருளும், சில மாதத்தில் நைந்துபோகும், அவ்வளவுதான். விளையாட்டு பிடிக்குமா என்றே தெரியாதவருக்கும் இதுதான் பாதுகாப்பான முதல் படி. பிடித்துவிட்டால் ஒவ்வொரு அணியாக உருவங்களால் மாற்றிக்கொள்ளலாம்.

| | பிளாஸ்டிக் பெட்டி | 1/72 | ரெசின், ஆர்டர் | ரெசின், சொந்த இயந்திரம் | அட்டை |
|---|---|---|---|---|---|
| தொடக்கச் செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| உருவத்துக்கு நேரம் | அதிகம் | நடுத்தரம் | அதிகம் | அதிகம், கழுவும் வேலை தனி | மிகக் குறைவு |
| உறுதி | நல்லது | வளையும், உடையாது | மெல்லிய பகுதி முறியும் | அதேதான் | குறைவு |
| 1791 கிருஷ்ணகிரி | தலை மாற்ற வேண்டும் | கிடைப்பது அரிது | கோப்பு இருந்தால் சரியாக | கோப்பு இருந்தால் சரியாக | வரைந்தால் போதும் |
| நிறுவனப் போட்டி | அதன் சொந்தப் பெட்டி மட்டும் | செல்லாது | செல்லாது | செல்லாது | செல்லாது |

## வண்ணம்: உள்ளூரா, இறக்குமதியா

உருவத்தைவிட இங்கேதான் காசு கசியும். வயெஹோ, சிட்டாடல் போன்ற வண்ணங்களில் நிறத்துகள் நுண்ணியது, மெல்லியதாகப் பூசினாலும் மூடும். கேம்லின், ஃபெவிக்ரில் அக்ரிலிக் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும், விலை அதில் சிறு பங்கு. ஆனால் தடிமன் அதிகம், சில நிறம் பளபளக்கும், தண்ணீர் விட்டு இரண்டு மூன்று அடுக்கு போக வேண்டும்.

எல்லாவற்றையும் இறக்குமதியில் வாங்க வேண்டியதில்லை. கறுப்பு, வெள்ளை, பழுப்பு, நிலம், பாறை எல்லாவற்றுக்கும் உள்ளூர் வண்ணம் போதும். இறக்குமதியில் மூன்று வாங்குங்கள்: பள்ளங்களில் தானே இறங்கி நிழல் தரும் பழுப்பு வாஷ் ஒன்று, நல்ல உலோக நிறம் ஒன்று, உங்கள் படையின் முக்கிய நிறத்தில் கான்ட்ராஸ்ட் வகை ஒன்று. 2019ல் சிட்டாடல் கொண்டுவந்த இந்தக் கடைசி வகை, வெளிர் பிரைமர் மேல் ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும். முக்கால் மணிக் கணக்கு இதை நம்பித்தான்.

திப்புவின் வீரனில் இதைப் பார்க்கலாம். வெளிர் சாம்பல் பிரைமர் அடித்த சட்டையில் ஊதா கான்ட்ராஸ்டை நிறைய எடுத்து வைத்தால், மடிப்புகளில் இருளும், தோளில் வெளுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு பல்குச்சி நுனியில் வெள்ளை தொட்டு, கைக்கு மூன்று, முதுகில் ஐந்து புள்ளி. 1/72 அளவில் முதுகில் இரண்டு போதும், அதற்கு மேல் வைத்தால் சட்டையே வெள்ளையாகிவிடும். திப்புவின் படை ஏவிய ராக்கெட்டுக்கு ஈர்க்குச்சியின் நுனியில் ஒரு சிறு எம்-சீல் உருளை, அதற்கு இரும்பு நிறம்.

தண்ணீரையும் கவனியுங்கள். தர்மபுரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வாஷில் அதைக் கலந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படிவு தெரியும். குடிக்கும் கேன் தண்ணீரைக் கலக்குங்கள். கத்திரி வெயிலில் வண்ணம் பிரஷிலேயே காயும். மூடியுள்ள டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சு, அதற்கு மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் வண்ணம் வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். ஸ்பிரே பிரைமரை ஆட்டோ உதிரிபாகக் கடையில் சாம்பல் நிறத்தில் வாங்கலாம். பழைய உருவம் ஒன்றில் முதலில் சோதியுங்கள். மதிய வெயிலில் அடித்தால் காற்றிலேயே காய்ந்து மணல் போல் படியும், மழை ஈரத்தில் மேட் வார்னிஷ் அடித்தால் பனி படர்ந்தது போல் வெளுக்கும். காலை எட்டு மணிக்குள், காய்ந்த நாளில் அடியுங்கள்.

உருவம் நிற்கும் அடித்தட்டுக்குக் கடையில் மணல் வாங்கவே வேண்டாம். கிருஷ்ணகிரியில் எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் எம்-சாண்ட் ஒரு கைப்பிடி தருவார்கள். ஃபெவிகால் பூசி அதில் முக்கி எடுத்து, பழுப்பு அடித்து, மேலே வெளிர் மண்நிறத்தை டிரை பிரஷ் செய்தால், அதாவது பிரஷைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்த்தால், அந்த மலையடிவாரமே வந்துவிடும். அடியில் ஒரு சிறு காந்தம் ஒட்டி இரும்பு டப்பாவில் நிறுத்தினால் பஸ்ஸில் எடுத்துப் போகலாம். ரெசின் உருவம் என்றால் சித்திரை, வைகாசியில் பூட்டிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். ஈட்டியும் துப்பாக்கிக் குழலும் வளைந்துபோகும். வளைந்தால் வெந்நீரில் நனைத்து நேராக்கி, குளிர்ந்த நீரில் காட்டினால் பெரும்பாலும் சரியாகும்.